புதுசை எத்தனையாகப் பிரிப்பது?

முன்னொரு சமயம், பாளையங்கோட்டையில் லூர்துராஜ் வீட்டு மேசைக் கணினிக்குள் ஒரு கூட்டுக் குடும்பம் குடியிருந்தது. ஆளாளுக்கு வாய் உண்டு, ஒருவருக்கும் காது கிடையாது. ஆக, மற்ற குடும்பங்களைப் போலத்தான்.

மூத்தவர் சிஸ்டம். அவர் எழுந்தால்தான் வீட்டில் விளக்கு எரியும். அந்தப் பெருமையில், அவர் எழுந்து முகம் கழுவுவதற்குள் லூர்துராஜ் ஒரு காபியைக் குடித்து, டம்ளரையும் அங்கேயே வைத்துவிட்டு மறந்திருப்பார். அடுத்தவள் படங்கள். லூர்துராஜுக்கும் ஹில்டாவுக்கும் நடந்த கல்யாணம் தொடங்கி, மகள் பெனிட்டா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை வரைக்கும் அத்தனை போட்டோவும் அவள் மடியில்தான். மூன்றாவது கேம்ஸ். சம்பாத்தியம் கிடையாது, வீட்டில் பாதி இடம் அவனுக்கு. கடைக்குட்டி டவுன்லோட். வெளியே போகும்போதெல்லாம் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போடுவான். போட்டதை ஒரு நாளாவது எடுத்து வைத்தான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இவர்கள் எல்லாரும் குடியிருந்த வீடு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அவளுக்குப் பெயரே 'பழசு'தான். உள்ளே தட்டு சுற்றும்போது கடகடவென்று சத்தம் போடுவாள், கொஞ்சம் வேலை கொடுத்தால் முனகுவாள். அவளுக்குள் சி, டி, ஈ என்று மூன்று அறைகள் இருந்தன. ஏன் மூன்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டிலும் மூன்று, அதற்குப் பக்கத்து வீட்டிலும் மூன்று. அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்ன?

பழசின் முனகல் தாங்காமல் லூர்துராஜ் ஒரு புது டிரைவ் வாங்கினார். சுற்றுவதற்கு உள்ளே தட்டு கிடையாது, எல்லாம் சில்லு. சீட்டுக்கட்டில் பாதிதான் கனம். ஓடுவாள், சத்தம் வராது. இவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வந்தவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கலாம் என்று எந்த வீட்டில்தான் யோசிக்கிறார்கள்?

கடைக்காரர் முபாரக் வந்து புதுசை உள்ளே மாட்டினார். சாமான்களை மாற்றுவதற்கு வசதியாகப் பழசை ஒரு கேபிளில் வெளியே தொங்கவிட்டார். பிறகு திரும்பி, மீன்காரர் எத்தனை துண்டு என்று கேட்பாரே, அதே குரலில் கேட்டார்:

"எத்தனையா பிரிக்கட்டும் சார்?"

லூர்துராஜ் வெறும் வயிற்றில் எந்த முடிவும் எடுக்கிறவர் இல்லை. "சாப்பிட்டு வந்து சொல்றேன்" என்றார். முபாரக்கும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். பிரிக்கவா, வேண்டாமா என்ற கேள்வி திரையில் அப்படியே நின்றது.

கேபிளின் இந்த முனையில் நின்றபடி குடும்பமே புதுசைப் பெண் பார்த்தது.

"என்னது, ஒரே ஹாலா கிடக்கு?" என்றார் சிஸ்டம். "ஒரு மறைப்பு வேண்டாமா? நான் எங்க உட்கார்றது, இந்தக் கேம்ஸ் பய எங்க காலை நீட்டுறது?"

"எல்லாருக்கும் இடம் இருக்கு அண்ணா. தாராளமா இருங்க" என்றாள் புதுசு.

"பார்த்தியா, இன்னும் சாமான்கூட இறக்கலை, அதுக்குள்ள வாயைப் பாரு" என்று சிஸ்டம் படங்களிடம் திரும்பினார்.

படங்கள் பயந்த சுபாவம். மடியில் கனம் இருக்கிறவளுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? "எனக்குச் சுவர் வேணும்மா" என்றாள். "இந்த அண்ணனுக்கு அடிக்கடி வைரஸ் காய்ச்சல் வருது. வந்தா முபாரக் பாய் வந்து இவர் ரூமையே மொத்தமா கழுவி விட்டுட்டுப் போறாரு. நடுவுல சுவர் இல்லைன்னா அந்தத் தண்ணி என் மேல வராதா?"

"அது நியாயம் அக்கா" என்றாள் புதுசு. "அவர் காய்ச்சலுக்குச் சுவர் உதவும், இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உனக்கு என்ன ஆகப் போகுது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கே!" என்றான் கேம்ஸ்.

தன்னைப் பற்றிய உண்மையை வந்த அன்றைக்கே சொல்வதா என்று புதுசு யோசித்தாள். படங்களின் மடியைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"சுவர்னு நீங்க சொல்றீங்களே, அது நிஜமான சுவர் இல்லை. வாசல்ல ஒட்டுற ஒரு சீட்டு. இது இன்னாருக்கு, அது இன்னாருக்குன்னு அதுல எழுதியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே நான் உங்க பாயை எல்லாம் மாத்தி மாத்தித்தான் விரிப்பேன். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விரிச்சா என் தரை அந்த இடத்துல மட்டும் தேஞ்சு போயிரும். அதனால இன்னைக்கு அக்கா படுத்த இடத்துல நாளைக்குக் கேம்ஸ் படுத்திருப்பாரு."

"சீ!" என்றாள் படங்கள். "இவன் படுத்த இடத்துலயா? குளிக்கவே மாட்டானே!"

"வெளியே தெரியுமா அது?" என்று கேட்டார் சிஸ்டம்.

"தெரியாது அண்ணா."

"தெரியலைன்னா நடக்கலை. வாசல்ல பேர் தனித்தனியா இருக்கணும், அதுதான் மரியாதை. உள்ளே எவன் பாயில எவன் படுத்தா என்ன?"

ஊரில் பாதிக் குடும்பம் இந்த ஒரு கொள்கையில்தான் ஓடுகிறது என்பது புதுசுக்குத் தெரியாது. பாவம், அன்றைக்குத்தான் வந்தவள்.

அவள் விடவில்லை. "நான் சொல்ல வந்தது வேற. ரூம் மூணா இருந்தாலும் தரை ஒண்ணுதான். நான் போனா மூணு ரூமும் சேர்ந்து போகும். அத்தைக்காவது முடியலைன்னா முனகத் தெரியும், அதைக் கேட்டுச் சாமானை ஒதுக்கிக்கலாம். எனக்கு முனகத் தெரியாது. ஒரு நாள் பேசிட்டிருக்கும்போதே நின்னுருவேன். அதனால சுவர் எழுப்பினாலும் சரி, எழுப்பாட்டாலும் சரி. அத்தையை மட்டும் அனுப்பிராதீங்க. அக்காகிட்ட இருக்கிறது எல்லாத்துக்கும் ஒரு நகல் அத்தைகிட்ட, வேற வீட்ல இருக்கட்டும். பத்திரம்னா எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்."

அத்தை என்றது பழசை. கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தவளின் கடகட சத்தம்கூட ஒரு நொடி நின்றது.

மாமியாரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மருமகள் சொல்கிறாள். அந்தக் குடும்பம் தன் சரித்திரத்திலேயே கேட்டிராத வார்த்தை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சந்தேகம் வந்தது.

"இதுல ஏதோ சூது இருக்கு" என்றார் சிஸ்டம்.

"வேலையை அவ தலையில கட்டிட்டு இவ ஜாலியா இருக்கப் பார்க்கிறா" என்றான் டவுன்லோட். வேலையைப் பற்றி அவன் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை.

"என்னையா கிண்டல் பண்ணுதே?" என்று பழசும் கடகடத்தாள்.

படங்கள் மட்டும் புதுசின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தாழ்ப்பாள் போட்ட தனி ரூம் கிடைச்சாப் போதும். ரெண்டு வீட்ல என் சாமானைப் பரப்பி வைக்க எனக்குப் பிடிக்கலை" என்றாள்.

தீர்மானம் நிறைவேறியது.

வெளியே சாப்பாட்டு மேசையில் இதே கூட்டம் சாளைக்குழம்போடு நடந்துகொண்டிருந்தது.

"பிரிச்சே ஆகணுமா?" என்றாள் ஹில்டா.

"எல்லாரும் பிரிக்கிறாங்க."

"அந்தப் பழசை என்ன செய்யப் போறீங்க?"

"அழிச்சு உன் தம்பிக்குக் கொடுத்திரலாம். கடையில கேமரா மாட்டியிருக்கான்ல, பதிவு பண்ண ஒண்ணு வேணுமாம்."

"போட்டோ?"

லூர்துராஜ் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "ஹில்டா, போட்டோ எல்லாம் டி-ல இருக்கும். தனியா. சி போனாலும் டி போகாது. அதுக்குத்தானே பிரிக்கிறதே?"

"பழசும் அலமாரியில ஒரு ஓரமா கிடக்கட்டுமே. சோறா கேக்குது?"

"நீ ஊறுகாய் பாட்டிலைச் சேர்த்து வைக்கிற மாதிரி இதையும் சேர்த்து வை. அலமாரியில எனக்குச் சட்டை வைக்க இடம் இல்லை."

ஊறுகாய் பாட்டில் பேச்சை இழுத்துவிட்டால் அதற்கு மேல் எந்தப் பெண் பேசுவாள்? ஹில்டா இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்தான். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. "என்னமோ செய்ங்க" என்று எழுந்து போனாள். எத்தனையோ வீடுகளின் தலைவிதி இந்த இரண்டு வார்த்தையில்தான் முடிவாகியிருக்கிறது.

முபாரக் வந்தார், சுவர் எழுந்தது. வாசலில் சீட்டு ஒட்டியாயிற்று. "நான் எளிமையானவன், எனக்குச் சின்ன ரூம் போதும்" என்று சிஸ்டம் பெருந்தன்மையோடு சி அறைக்குள் போனார். டி படங்களுக்கு. போன கையோடு தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டாள். ஈ முழுக்கக் கேம்ஸுக்கு. டவுன்லோடுக்கு யாரும் அறை ஒதுக்கவில்லை. சுவர் எழும்பும்போது அவன் சிஸ்டத்தின் அறையில் நின்றுகொண்டிருந்தான். அங்கேயே தங்கிவிட்டான்.

சாமான் மாறியது. கிளம்பும் முன் பழசு புதுசிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "நான் முனகுறேன்னு வைஞ்சாங்க. நீ முனகலைன்னு மெச்சுவாங்க. ரெண்டுல எது மோசம்னு போகப் போகத் தெரியும்." அப்புறம் அவளைத் துடைத்துச் சுத்தமாக அழித்து, ஹில்டாவின் தம்பி கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

அதற்குப் பின் கொஞ்ச காலம் எல்லாரும் புதுசை மெச்சினார்கள். என்ன வேகம், என்ன அடக்கம்! அடக்கம் என்பது வாய் பேசாத சாமான்களுக்கும் மருமகள்களுக்கும் மட்டுமே கொடுக்கப்படும் பட்டம்.

எளிமையான சிஸ்டம் மாதா மாதம் பெருத்தார். அப்டேட் என்று ஒரு பலகாரம் வரும். வேண்டாம் என்றே சொல்ல மாட்டார். பழைய அப்டேட்டையும் செரிக்காமல் வயிற்றிலேயே வைத்திருப்பார். பக்கத்தில் டவுன்லோட் வேறு, ஒரே கல்யாணப் பத்திரிகையை ஐந்து தடவை இறக்கி ஐந்தையும் தரையில் பரப்பியிருந்தான். சி அறையில் திரும்பிப் படுக்க இடம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டி-யில் பாதி அறை காலி. ஈ-யில் கேம்ஸ் கபடி விளையாடுகிற அளவுக்குக் காலி.

"புதுசு வாங்கியும் இப்படி இழுக்குதே" என்று லூர்துராஜ் மேசையைத் தட்டினார்.

"நான் என்ன செய்ய, எல்லாம் புதுசு சரியில்லாததால" என்றார் சிஸ்டம், மூச்சு வாங்கிக்கொண்டே.

வீட்டில் எது கெட்டாலும் புதிதாக வந்தவளால்தான் கெட்டது என்பதைப் புதுசு அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சிஸ்டம் டி-யின் கதவைத் தட்டினார். "தங்கச்சி, கொஞ்சம் இடம் குடேன்."

"எளிமைன்னு சொன்னீங்களே?"

"அது அப்போ."

படங்கள் நல்லவள். முணுமுணுத்துக்கொண்டே தன் அறையில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தாள். ஆனால் அவள் ஒடுங்கி உட்கார்ந்தபோது காலியான இடம் அவளுக்குப் பின்பக்கம், ஈ-யின் சுவரை ஒட்டி விழுந்தது. சிஸ்டம் இருப்பது முன்பக்கம். பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் இடத்தைத்தான் அவரால் எடுக்க முடியும். நடுவில் படங்கள் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டிக் குதித்துப் போய் எடுக்க அவருக்கு வழியில்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரேன்."

"இவ்வளவு கனத்தை மடியில வச்சுக்கிட்டு எப்படி நகர்றது? ஏதாவது கீழே விழுந்தா நீங்க பொறுப்பா?"

அந்த நிலம் யாருக்கும் இல்லாமல் நடுவில் தரிசாகக் கிடந்தது. குடும்பத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்தாயிற்று, ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை. சிஸ்டமும் படங்களும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவே புதுசுக்குத் தன் தரையில் ஒரு மாற்றம் தெரிந்தது. அங்கங்கே கல் தேய ஆரம்பித்திருந்தது. தேய்ந்த கல்லை ஒதுக்கிவிட்டுப் போடுவதற்கு மாற்றுக்கல் கொஞ்சம் அவளிடம் எப்போதும் இருக்கும். அதுவும் குறைந்துகொண்டே வந்தது. எந்தக் கல் நன்றாக இருக்கிறதோ அதில் முதலில் படங்களின் சாமானைத்தான் வைத்தாள். பெனிட்டாவின் புதுநன்மைப் போட்டோ ஒன்று உண்டு. கையில் மெழுகுவர்த்தி, தலையில் முக்காடு ஒரு பக்கம் சரிந்திருக்கும். அதைச் சரிசெய்யப் பாய்ந்து வரும் ஹில்டா பாதி வசவில் வாயைத் திறந்தபடி இருப்பாள். ஓரத்தில் லூர்துராஜின் கட்டைவிரல். அவர் எடுத்த எல்லாப் போட்டோவிலும் அவருடைய கட்டைவிரல் உண்டு. அந்தப் போட்டோவை எத்தனை தடவை பத்திரமான கல்லுக்கு மாற்றினாளோ, அவளுக்கே கணக்கில்லை. மாற்றியது யாருக்கும் தெரியாது. அலுங்காமல் செய்த வேலை யார் கண்ணுக்குத் தெரியும்?

அவள் ஒரு சீட்டு எழுதினாள். 'எனக்கு முடியவில்லை. முக்கியமானவற்றை வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கவும்.' சிஸ்டத்திடம் கொடுத்தாள். வெளியே இருக்கிறவர்களிடம் எதைச் சொல்வதானாலும் அவர் வழியாகத்தானே சொல்ல வேண்டும்?

"இன்னைக்கு ஏற்கெனவே சீட்டு நிறைய இருக்கு" என்றார் சிஸ்டம். "'எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள்'னு ஒண்ணு. 'இன்று மழை வரலாம்'னு ஒண்ணு. அதெல்லாம் போகட்டும், அப்புறம் உன்னுது."

"அண்ணா, இது அக்கா விஷயம்."

"அவ என்கூடப் பேசுறதே இல்லை."

இருந்தாலும் கொடுத்தார். குறை சொல்லக் கூடாது. திரையின் ஓரத்தில் சீட்டு எட்டிப் பார்த்தது. லூர்துராஜ் கொசு அடிக்கிற வேகத்தில் அதை மூடினார்.

"என்னமோ வந்துச்சே?" என்றாள் அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த ஹில்டா.

"தெரியலை. மூடிட்டேன்."

"படிச்சிருக்கலாம்ல?"

"படிக்கிறதுக்கா அனுப்புறான்?"

புதுசு மறுபடி எழுதினாள். அவர் மறுபடி மூடினார். அப்புறம் அந்த மாதிரிச் சீட்டே வராதபடி ஒரு பொத்தானை அழுத்தி, தன் சாமர்த்தியத்தை ஹில்டாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒரு முற்பகல், கரண்ட் போய் வந்தது. வந்த வேகத்தில் மறுபடி போனது. யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றச் சொல்லி ஹில்டா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன வீடு அது. புதுசு அப்போது அந்தப் புதுநன்மைப் போட்டோவை ஒரு தேய்ந்த கல்லிலிருந்து தூக்கி, இருந்ததிலேயே நல்ல கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள்.

"என் ரூம் தனி. கதவு சாத்தியிருக்கு" என்று டி-யிலிருந்து பதில் வந்தது.

அதற்கு அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முனகவில்லை. நின்றுவிட்டாள்.

மறுநாள் முபாரக்கின் கடையில், கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் லூர்துராஜும் ஹில்டாவும் நின்றார்கள்.

"டிரைவ் போச்சு சார்."

"சி தானே? பரவாயில்லை, கழுவி விட்டிருங்க."

"சி இல்ல சார். டிரைவ்."

"சரி, சி வேண்டாம். டி-யை மட்டும் எடுத்துக் கொடுங்க."

"சார், டிரைவே போச்சு. உசிரே இல்லை. பெரிய ஊர்ல கொடுத்தாலும் உள்ளே இருந்தது வருமான்னு சொல்ல முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். டி-யைத் தனியாத்தானே வச்சோம்? நீங்கதானே பிரிச்சீங்க?"

முபாரக் தலையைச் சொறிந்தார். சொல்லிப் புரிய வைக்க முயன்றார். சாப்பாட்டு மேசையில் கேட்க வேண்டிய விளக்கம், இத்தனை காலம் கழித்து, கடையில் நின்றுகொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

ஹில்டா தம்பிக்குப் போன் போட்டாள். பழசு இன்னும் அவன் கடையில்தான் இருக்கிறாள், கடகடவென்று நன்றாகவே ஓடுகிறாள். ஹில்டா கழுத்தில் தாலி ஏறிய இடத்தில் இப்போது கடை வாசலில் ஒரு மாடு நிற்கிறது. பெனிட்டா பிறந்த இடத்தில் அதே மாடு திரும்பிப் போகிறது. அழித்து, அதன் மேல் மாதக்கணக்காகத் திரும்பத் திரும்ப எழுதியாயிற்று.

ஹில்டா தன் போனில் தேடினாள். என்றைக்கோ தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு படம் கிடைத்தது. தபால்தலை அளவு. பெரிதாக்கினால் மெழுகுவர்த்தியும் முகமும் கலங்கி ஒன்றாகிப் போகின்றன. கட்டைவிரல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

முபாரக் அட்டைப்பெட்டியைப் பிரித்து இன்னொரு புதுசை வெளியே எடுத்தார். மெலிதாக, சத்தம் இல்லாமல், என்ன நடந்தது என்று எதுவும் தெரியாமல் அது மேசையில் கிடந்தது. வாய் பழக்கத்தில் கேட்டார்:

"எத்தனையா பிரிக்கட்டும் சார்?"

ஹில்டா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். லூர்துராஜ் கண்ணை மூடி யோசித்தார். அடிபட்டுத் தேறிய மனிதனின் நிதானம் அவர் முகத்தில் இருந்தது.

"இந்தத் தடவை நாலா பிரிச்சிருங்க" என்றார். "மூணு பத்தலை."